கரண்ட் அக்காவின் மேசை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அன்று மெயின் சுவிட்சை அணைத்தவள் குண்டூசி. அணைக்கும்படி அலறியவள் அவளுடைய ஜோடி. டிரையரிலிருந்து சுடச்சுட வந்த படுக்கை விரிப்பை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஜோடிக்காரியின் கழுத்தில் சுரீரென்று ஏதோ கிளம்பி, வலது தோளைத் தாண்டி, சுண்டுவிரல் நுனிவரை பாய்ந்தது. "கரண்ட்! கரண்ட்!" என்று கத்தியபடி விரிப்பை வீசிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குண்டூசி ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்ட, பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே மூச்சில் நின்றன.

எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒவ்வோர் இயந்திரமாகச் சோதித்தார். முக்கால் மணி நேரம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எந்த மெஷின்லயும் லீக் இல்லை. அந்தம்மா உடம்புலதான் எங்கேயோ லீக்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேலை நின்றுபோன எரிச்சலில் மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு வழக்கொழிந்தது. அவள் கரண்ட் அக்கா ஆனாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. விரிப்பு மடிக்கும் மேசையில் பதினேழு வருடம் நின்றவள். பனைமரம் மாதிரி நல்ல உயரம். குண்டூசி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள்; ஆள் சிறிது, பேச்சு கூர்மை, அதனால்தான் அந்தப் பெயர். இந்த நெட்டையும் குட்டையும் சேர்ந்து ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு மடிப்பார்கள். கூடத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

எலெக்ட்ரீஷியன் சொன்னது பாதி உண்மைதான். அடுத்த நாளும் அது வந்தது. பிறகு தினமும் வந்தது. கையில் மிளகாய்ப்பொடி தூவியது போல ஓர் எரிச்சல், முதுகில் யாரோ துணியை முறுக்கிப் பிழிவது போல ஓர் இறுக்கம், சுண்டுவிரலில் எந்நேரமும் எறும்பு ஊர்கிற உணர்வு. முதலில் பார்த்த டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, வயசாகுது. நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டாள். விடுப்பு போட்டு ஆறு வாரம் படுத்தே கிடந்தாள். ஆறாவது வாரம் எழுந்து நின்றபோது, உடம்பு மழையில் நனைந்த கதவு போல எந்தப் பக்கமும் அசைய மறுத்தது.

இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். அதைக் காப்பாற்றுகிறோம் என்று சுற்றியுள்ள தசையெல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டது என்றார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லை. இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது வந்துட்டுப் போற விருந்தாளி இல்லை. வீட்லயே தங்கப்போற சொந்தக்காரன்."

"அப்போ சாப்பாட்டுல உப்பக் கொறச்சிடறேன் டாக்டர். தானா கிளம்பிடும்" என்றாள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்து மருந்துக்கான வரிசையில் நின்றபோதுதான் அழுகை வந்தது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கப்போகிறவன் என்றால் அவனுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற வீட்டை நாம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வரிசை நகர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

வீட்டில் அந்த மூலையை அளப்பது எளிதாக இல்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் திருகிப் பார்த்தால்தான் நம்புவார். "காலையில நல்லாத்தானே இருந்தே?" என்பார். தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த மனிதருக்கு இரண்டுமே வந்ததில்லை. நாத்தனார் தன் பங்குக்குத் தொலைபேசியில் வைத்தியம் சொன்னாள். ஒரு தைலமும் அனுப்பினாள். அதன் நெடிக்கு நரம்பு வலி ஓடவில்லை, வீட்டிலிருந்த மற்றவர்கள்தான் ஓடினார்கள்.

ஒருநாள் காலை கணவர் குளித்துவிட்டு வந்தபோது, அவள் சமையலறையில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு காபித்தூள் டப்பாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களில் பிடி இல்லை. டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்தார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் அலமாரியிலிருந்த அத்தனை மூடிகளையும் அரைத் திருகு தளர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. "காலையில நல்லாத்தானே இருந்தே" என்ற பேச்சு அத்தோடு நின்றது.

இடுப்புவரை தொங்கிய அவள் பின்னலைக் கல்லூரியில் படிக்கும் மகள் வெட்டிவிட்டாள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்ன முடியாதபோது எதற்கு அந்தப் பாரம்? "பாதி எடை கொறஞ்ச மாதிரி இருக்குடி" என்று கழுத்தைத் தடவிக்கொண்டாள். கூந்தலைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துப்போனபோது மகளுக்குத்தான் கண் கலங்கியது.

இயன்முறை சிகிச்சை கொடுத்த பெண் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "வலி வந்த பிறகு நிறுத்தறதுல பிரயோசனம் இல்லம்மா. வரும்னு தோணுதில்ல, அப்பவே நிறுத்திடுங்க." கேட்க எளிது. ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடாத கைக்கு அதைவிடக் கடினமான பாடம் இல்லை. ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்னையே கண்காணித்தாள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் தோள் கனக்கிறது. முப்பதில் கை எரிகிறது. ஆகவே இருபதோடு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டாள். பாத்திரம் பாதி கழுவியிருந்தாலும் சரி, இருபது நிமிடத்தில் கையைத் துடைத்துவிட்டு நடப்பாள். கூடத்துக்கும் வாசலுக்கும் ஆறு நடை. கழுவாத பாத்திரம் அவளைப் பார்த்து முறைக்கும். "முறைச்சுக்கோ" என்பாள்.

காலையில் கட்டிலை விட்டு எழவே பதினைந்து நிமிடம் ஆனது. முதலில் பக்கவாட்டில் புரள வேண்டும், காலைக் கீழே விட வேண்டும், முழங்கையை ஊன்றி எழ வேண்டும். பிறகு கழுத்தில் வெந்நீர்ப் பை. அதன்பின் சுவரோரம் நின்று கைகளை மெதுவாக மேலேற்றுவது. ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து இதையெல்லாம் முடித்து, நான்கு மாதத்துக்குப் பின் சலவைக்கூடத்துக்குப் போய் நின்றாள்.

மேற்பார்வையாளர் கெட்டவர் என்று சொல்ல முடியாது, தொல்லை பிடிக்காதவர். "உங்களுக்கு டோக்கன் கவுண்டர் குடுக்கறேன். துணிய எண்ணி டோக்கன் குடுக்கற, உக்காந்த வேலை" என்றார்.

"உக்காந்தே இருந்தா ஒரு மணி நேரத்துல மரக்கட்டை ஆயிடுவேன் சார். நின்னே இருந்தாலும் ஆகாது. மாத்தி மாத்தி இருக்கணும். எனக்கு மேசையே குடுங்க."

"மேசையில மறுபடியும் கரண்ட் அடிச்சா?"

"ரெண்டு வாரம் பாருங்க. முடியலன்னா நானே கவுண்டர்ல போய் உக்காந்துக்கறேன்."

முதல் வாரம் படுதோல்வி. இருபது நிமிடக் கணக்கெல்லாம் இங்கே எடுபடவில்லை. பத்தே நிமிடத்தில் கழுத்து தீப்பற்றியது. வீட்டில் முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை? வெள்ளிக்கிழமை தன் சாப்பாட்டு நேரத்தில் தள்ளி நின்று, மற்றவர்கள் மடிப்பதைப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அந்த மேசையை அவள் பார்த்ததே இல்லை, அதன் மேலிருந்த விரிப்பைத்தான் பார்த்திருக்கிறாள். மேசை அவள் தொடை நடுவில் முடிந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் குனிந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு அறுநூறு கும்பிடு! சாமிக்குப் போட்டிருந்தாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும்.

கணவரிடம் சொன்னாள். அவர் அளவுநாடாவை எடுத்து, அவளை நிற்க வைத்து முழங்கை உயரத்தை அளந்தார். லிஃப்ட் பாகங்கள் வந்த பெட்டியின் மரத்தை அறுத்து, மேசைக் கால் நழுவாமல் உட்காரக் குழி தோண்டி, நான்கு கட்டைகள் செய்தார். "லிஃப்டுல எத்தன பேர் ஏறலாம்னு உள்ளேயே எழுதி ஒட்டியிருக்கோம். மனுசங்களுக்கு யாரும் எழுதல" என்று முனகிக்கொண்டே உப்புத்தாள் தேய்த்தார்.

திங்கட்கிழமை கட்டைகளை மேசைக் கால்களுக்கடியில் வைத்தார்கள். அன்று அவள் நிமிர்ந்து நின்று மடித்தாள். இருபது நிமிடம் தாங்கியது. சந்தோஷத்தில் எதிர்முனையைக் கவனிக்கவில்லை. மத்தியானம் குண்டூசி விரிப்பைப் பட்டென்று போட்டாள்.

"அக்கா, உன் கழுத்து நிமிந்துச்சு. என் கை வானத்துக்குப் போச்சு. நான் என்ன மடிக்கிறேனா, கொடி ஏத்தறேனா?"

கரண்ட் அக்காவுக்குச் சுருக்கென்றது. தன் வலியை மேசை வழியாக அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டிருக்கிறோம் என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்தார். கட்டைகளைப் பார்த்தார். "யார் அனுமதி குடுத்தா? நாளைக்கு மேசை சரிஞ்சா யார் பதில் சொல்றது?" என்று ஆள் வைத்து அகற்றி, தன் அறையின் மூலையில் போட்டார்.

மறுநாள் இருவரும் மேசையின் பழைய உயரத்திலேயே பேசாமல் மடித்தார்கள். பதினேழு வருடத்தில் அப்படியொரு மௌனம் இருந்ததில்லை. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் அக்கா சொன்னாள்: "தப்பு என்மேலதான். உன்னக் கேட்காம செஞ்சுட்டேன்."

குண்டூசி விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கட்டை வெக்கறதுக்கு முன்னாடியே வலிதான்க்கா" என்றாள் மெதுவாக. "தோள்பட்டை. ரெண்டு வருஷமாச்சு. பெரிய துணிய உதறும்போது உன் உயரத்துக்கு நான் எக்கறேனே. சொன்னா என்னையும் கவுண்டர்ல தூக்கிப் போட்டுடுவாங்கன்னு வாயத் தொறக்கல."

இரண்டு வருடமாக இவள் வலியோடு எதிரில் நின்றிருக்கிறாள். மடிப்பு பிசகினால் கண்ணசைவிலேயே சொல்லிக்கொள்கிறவர்கள் இருவரும். கரண்ட் அக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வீணாக்காமல், சாயங்காலமே சரக்கு வண்டி வந்துபோகும் வாசலில் கிடந்த, மூட்டைகளை அடுக்கும் ஒரு மரப்பலகைத் தட்டைக் கேட்டு வாங்கி வந்தாள். கணவர் அதன் இடுக்குகளை அடைத்து, மேலே ரப்பர் விரித்து ஆணியடித்தார். மேசை கட்டைமேல் நிற்கும். குண்டூசி தட்டின்மேல் நிற்பாள். அவள் கையும் எக்காமல் எட்டும்.

இந்த முறை ஒளித்துச் செய்யவில்லை. இருவரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்கே போனார்கள்.

"ஆளுக்கொரு உயரம் வேணும்னா நான் கடையா வெச்சிருக்கேன்?" என்றார் அவர்.

"ஒரே ஒரு ஷிஃப்ட் குடுங்க சார். கட்டை சரியுதான்னு நீங்களே உலுக்கிப் பாருங்க. எத்தன விரிப்புன்னு நீங்களே எண்ணுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் நான் உக்காந்து கிழிசல் பாப்பேன், அப்புறம் நின்னு மடிப்பேன். எண்ணிக்க கொறஞ்சா, மறுபேச்சு இல்ல."

அவர் நிஜமாகவே மேசையை உலுக்கிப் பார்த்தார். ஓரத்தைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். அசையவில்லை. மாலையில் எண்ணினார்: அறுநூற்று இருபத்தொன்று. மறுபடி ஒருமுறை எண்ணினார். "எழுத்துல எதுவும் தரமாட்டேன். கட்டை இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். குண்டூசி தட்டின்மேல் நின்றபடியே அவர் முதுகுக்கு ஒரு சலாம் வைத்தாள்.

இதோடு வலி தீர்ந்தது என்று நினைத்தால் கதை கேட்பவருக்கு நிம்மதி. அவளுக்கு அப்படி வாய்க்கவில்லை. சரியாக ஒன்பதாம் நாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காரணமே இல்லை. பெரிதாக எதையும் தூக்கவில்லை. மூன்று நாள் கட்டிலில் கிடந்தாள். எல்லாம் வீண், டோக்கன் கவுண்டர்தான் கதி என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாலை மகள் அவள் தோளுக்கு வெந்நீர்ப் பை வைக்கும்போது, "போன தடவ இப்படி வந்தப்ப எத்தன நாள் படுத்தேம்மா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தாள். பதினோரு நாள். அதற்கு முந்தைய முறை ஆறு வாரம். நான்காம் நாள் அரை நாள் வேலைக்குப் போனாள். அரை நாள் போகிறேன் என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கேட்டாள்.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. கையில் எரிச்சல் இல்லாத நாள் மாதத்தில் ஐந்தாறு வரும். மற்ற நாட்களில் அது தன் மூலையில் முனகிக்கொண்டிருக்கும். எப்போதாவது எழுந்து வந்து வீட்டையே புரட்டும். இரண்டு நாள், மூன்று நாள் புரட்டிவிட்டுத் திரும்பப் போகும். குளிர்காலத்தில் கொஞ்சம் அதிகம். "வலி போயிடுச்சா?" என்று கேட்கிறவர்களிடம், "இல்லை" என்று மட்டும் சொல்வாள். முன்பெல்லாம் அவர்கள் மனம் நோகுமே என்று, "பரவாயில்லை" என்பாள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். குண்டூசி இப்போது தோளுக்குச் சிகிச்சை எடுக்கிறாள். இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கிக்கொண்டு, பேசியபடியே பேருந்தில் போய்வருகிறார்கள். மற்ற மேசைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, "உங்க வீட்டுக்காரர்கிட்ட நாலு கட்டை சொல்லுங்களேன்" என்று கேட்டார்கள். அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்து அறுத்து, மரம் தீர்ந்துபோய், கடைசி மேசைக்குப் பழைய கதவொன்றைப் பலி கொடுத்தார்.

இந்த வருடம் சலவைக்கூடத்துக்குப் புதிதாக மூன்று மேசைகள் வாங்கினார்கள். கால்களைத் திருகி உயரம் கூட்டிக் குறைக்கலாம். பொருத்த வந்தவர்கள், "எந்த உயரத்துல வெக்கணும்?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்கள். அவர் மேசையோடு வந்த தாளைப் புரட்டினார், அதில் ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்துவிட்டு, "அந்த நெட்டையா நிக்கறாங்களே, அவங்களக் கேளுங்க" என்றார்.

கரண்ட் அக்கா கையிலிருந்த விரிப்பை வைத்துவிட்டு வந்தாள். அந்த மேசைகளில் ஷிஃப்ட் மாறி மாறி நிற்கப்போகிற எல்லாரையும் கூப்பிட்டுச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, கையை மடக்கச் சொல்லி, ஒவ்வொருவர் முழங்கைக்கும் நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மொத்தம் பன்னிரண்டு கோடுகள். குண்டூசியின் கோடு எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. அவள் நுனிக்காலில் எக்கப் பார்த்தாள். கரண்ட் அக்கா தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"எக்காதே. உள்ள உயரத்தச் சொல்லு."

பிறகு ஏறக்குறைய ஒரே உயரக் கோடுகளாகப் பார்த்துப் பார்த்து ஜோடி பிரித்து, குண்டூசியையும் தன்னையும்கூட வெவ்வேறு மேசையில் போட்டு, மூன்று மேசைகளுக்கும் அளவு சொன்னாள். வந்தவர்கள் குனிந்து கால்களைத் திருக ஆரம்பித்தார்கள்.