உப்புப் பார்க்காத கை

விடிவதற்குள் எங்கள் வீட்டில் மூன்று டப்பாவுக்கு மூடி போட்டாக வேண்டும். ஒன்று மகனுக்கு. ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறான், முதல் ரயிலுக்கே போய் நிற்க வேண்டும். ஒன்று மருமகளுக்கு. பீங்கான் கம்பெனியில் வேலை, ஃபியூஸ் கட்டைகளைச் சுட்டால் பளபளப்பு ஏறுகிற பாலிஷ் தண்ணீரில் முக்கி அடிப்பக்கத்தை ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அடுக்குகிற இடம். இன்னொன்று பேத்திக்கு. சிதம்பரத்தில் காலேஜ், ரயிலை விட்டால் அன்றைக்கு லீவுதான். மூன்று பேரும் மூன்று திசையில் ஓடுகிறவர்கள். அவர்களை நிறுத்தி வைத்துச் சோறு போட முடியாது. ஓடுகிற கையில் கொடுத்து விட வேண்டும்.

அதனால் நான் செய்வதெல்லாம் சட்டென்று ஆகிற சமையல்தான். மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், வறுத்துத் தோலை ஊதிவிட்டு, காய்ந்த மிளகாய், தோலோடு நாலு பல் பூண்டு, புளி கொஞ்சம் வைத்து இடித்துக்கொள்வேன். சூடான சோற்றில் அதைக் கொட்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் குழம்பே தேவையில்லை. தக்காளிச் சோறு என்றால் சோம்பும் ஒரு கை புதினாவும். மீந்த சோறு இருந்தால் கடலை மாவும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து சாயங்காலம் பக்கோடாவாகப் பொரித்துவிடுவேன். பேத்தி காலேஜிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே தின்னுவாள். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டுத் தட்டும் அடை என்றால் மகனுக்கு உயிர். எதிலும் சாமான் அதிகம் இருக்காது. நேரமும் பிடிக்காது. ஆனால் ருசி இருக்கும். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

ஒன்று மட்டும் நான் செய்ய மாட்டேன். சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். நான் வாழ வந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். முதல் பிடி விளக்குக்கு முன்னால் வைத்த பிறகுதான் மனிதர் வாய்க்கு. அதற்கு முன்னால் ஒரு துளி நாக்கில் பட்டாலும் அது எச்சில். அப்படியென்றால் உப்பு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆவியில் தெரியும். உப்புக் குறைந்த குழம்பு கொதிக்கும்போது ஒரு பச்சை வாசம் வரும். உப்புச் சேர்ந்ததும் அந்த வாசம் அடங்கி வேறொன்று எழும்பும். மாசி மகத்துக்கு எங்கள் தெருவில் சோறு போடும்போது பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நான் போய் நிற்பேன். ஆவி முகத்தில் அடிக்கும். இன்னும் ஒரு கை போடு என்பேன், போடுவார்கள். கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்குகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு முகம் சுளிக்கும். கை இல்லாதவர்கள்தான் நாக்கைக் கேட்பார்கள் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. படுத்தேன், எழுந்தேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எழுந்த பிறகு ஒரு நாள் பெருங்காய டப்பாவைத் திறந்தால் ஒன்றும் இல்லை. டப்பா நிறைய இருக்கிறது, வாசம் இல்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கே போனேன். மரத்தூளைக் கலந்து விற்கிறாயா என்று நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். கடைக்காரர் டப்பாவை வாங்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். புது டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைத் திறந்து பார்த்து, இதுவும் மண்ணுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பால் அடிப்பிடித்துக் கருகியது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே வெங்காயம் அரிந்துகொண்டு நின்றேன். புகை கண்ணில் பட்ட பிறகுதான் திரும்பினேன். அப்போது தெரிந்துவிட்டது. பெருங்காயத்தில் குறை இல்லை.

பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். அந்த டாக்டரம்மா சின்னப் பெண், நல்லவிதமாகத்தான் பேசினாள். காய்ச்சலில் மூக்கு நரம்பு கெட்டுப்போயிருக்கலாம், சிலருக்குத் திரும்பி வரும், உங்கள் வயதில் சொல்ல முடியாது என்றாள். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன் என்பாள் மருமகள். அவள் காலை ஷிப்டு போகிறவள், எங்கே பார்த்துக்கொள்வாள்? எனக்குந்தான் அந்த அடுப்பை விட்டால் இந்த வீட்டில் நிற்க வேறு இடம் எது?

கை இருக்கிறதே என்று நினைத்தேன். இத்தனை வருசம் உப்பு எடுத்த கை. வாய் கோணிப்போனதால் கம்பெனியில் கழித்துவிட்ட பீங்கான் ஜாடி ஒன்றில்தான் எங்கள் வீட்டில் கல்லுப்பு இருக்கும். அதற்குள் கையை விட்டு அள்ளினால் அளவு தானாக வரும் என்று நம்பினேன். டப்பாக்களும் சாயங்காலம் காலியாகத்தான் வந்தன. கழுவி, துடைத்து, ஒரு பருக்கைகூட இல்லாமல். நான் காய்ச்சலிலிருந்து கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தேன், டப்பாச் சோற்றை வாயில் வைக்கவில்லை. மூக்கு போனாலும் கை போகவில்லை என்று எனக்கு ஒரு கர்வம்.

ஒரு நாள் மருமகள் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். புளிச்சோறு. கீழே கொட்டவா முடியும்? வெயில் ஏறினதும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு நடந்தே போய்விட்டேன். சாப்பாட்டு நேரம். களிமண் குவியலுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகளின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவள் பை. பைக்கு வெளியே ஒரு தயிர் பாட்டில், உடைந்த ஃபியூஸ் கட்டை ஒன்று. அதன் குழியில் வெள்ளையாக உப்பு.

ஒருத்தி கேட்டாள். "ஏன்டி, இன்னிக்கி உங்க மாமியா வச்சது கடலா, கெணறா?"

"டப்பாவயே மறந்துட்டு வந்துட்டேன். இன்னிக்கி நாக்குக்கு லீவு" என்றாள் என் மருமகள்.

எல்லோரும் சிரித்தார்கள். அது அன்றைக்குப் புதிதாகக் கேட்ட கேள்வி இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. தினமும் கேட்கிறார்கள். உப்புக் கரித்தால் கடல், சப்பென்று இருந்தால் கிணறு. கடலுக்குத் தயிர், கிணற்றுக்கு அந்தக் குழி உப்பு. எதிரில் உட்கார்ந்திருந்த வயதானவள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள். மருமகள் திரும்பினாள். அவள் முகம் அந்தக் களிமண் நிறத்துக்குப் போய்விட்டது.

டப்பாவை அவள் மடிப்பக்கம் வைத்தேன். "சாப்புடும்மா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். புளிச்சோறு ஆறினால்தான் நன்றாக இருக்கும். அதுகூட எனக்கு அப்போது வாயில் வரவில்லை.

சாயங்காலம் வந்தவள் கைகூடக் கழுவாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். மளிகைக் கடைக்காரர் அந்தப் பெருங்காயத்தன்றைக்கே மகனிடம் சொல்லிவிட்டாராம், உங்க அம்மாவ டாக்டர்ட்ட காட்டுங்க என்று. வீட்டில் மூன்று பேருக்கும் அப்போதே தெரியுமாம். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். நான் மூன்று பேருக்கும் தெரியாது என்று நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"சொன்னா ஒங்க மனசு தாங்காதுன்னுதான் சொல்லல அத்தை. மரத்தடியில அதுங்க கேட்டா சிரிச்சு வச்சிடுவேன். அழுதுகிட்டா இருக்க முடியும்?" என்றாள். பிறகு, "ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாத்துடுங்களேன். சாமி கோச்சுக்காது" என்றாள்.

சாமிக்காகவா நான் அப்படி இருந்தேன் என்று எனக்கே அப்போது சந்தேகமாக இருந்தது. பூண்டை உரித்து முடித்தேன்.

மறுநாள் காலையில் யாரும் எழும்புமுன் சாம்பார் கொதித்தது. கரண்டியை எடுத்து உள்ளங்கையில் தட்டினேன். நக்கினேன். இத்தனை வயதுக்கு அதுதான் முதல் தடவை. உப்பு இருந்தது. புளி இருந்தது. காரம் சுட்டது. சாம்பார் இல்லை. கொத்தமல்லி, வெந்தயம், கறிவேப்பிலை, நானே வறுத்து நானே அரைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சாப்பிடும்போதும் அப்படித்தான், அதை நான் அதுவரைக்கும் காய்ச்சலில் நாக்கு செத்துப்போனது என்று சொல்லி வைத்திருந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். வெந்நீர் விட்டு இறக்கினேன். விளக்குக்கு முன்னால் அன்றைக்கு நான் எதையும் வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. மருமகள் தயிர் பாட்டில் எடுத்துப் போவது நின்றது. வேப்ப மரத்தடியில் இப்போது யாரும் கேட்பதில்லை என்று அவளே சொன்னாள். பேத்தி, "ஆயா, நாளைக்கும் மல்லாட்டைச் சோறே குடு" என்றாள். வறுவலைக் கண்ணால் பார்த்தே இறக்கப் பழகிக்கொண்டேன். மிளகாய் இந்த நிறம் வந்தால் போதும், மல்லி இந்த நிறம் என்று. எச்சில் கையோடாவது அடுப்பு என்னிடம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்தேன், நிதானமாக எரியட்டும் என்று. கேழ்வரகு அடைக்குக் கீரை பறிக்கப் பின்பக்கம் போனேன். முருங்கை உயரம், கொக்கியால் இழுத்து ஒடித்துக்கொண்டு வந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. சரி, பொங்கினதில் மீந்தது போதும் என்று பாத்திரத்தை இறக்கித் துடைத்தேன். அங்கேயே உட்கார்ந்து கீரையை உருவினேன், மாவில் போட்டுப் பிசைந்தேன். அடுப்பு அணைந்தது என் கண்ணுக்குத் தெரிந்தது. கேஸ் திருகு திறந்தே இருந்தது தெரியவில்லை. தோசைக்கல்லை ஏற்றிவிட்டு லைட்டரைக் கையில் எடுத்தேன்.

மகன் டீக்கு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "எம்மா. லைட்டரக் கீழ வையி" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் அழுத்தியிருப்பேன். நான் வைத்தேன். அவன் ஓடி வந்து சிலிண்டரை மூடினான், ஜன்னல்களைத் திறந்தான், என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுக்காரி அவள் வீட்டுக்குள்ளிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். தெருவுக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவன் ஆட்டோ படியில் உட்கார்ந்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான். "போதும்மா, வுடு. சோறு எங்க வேணாலும் கெடைக்கும்."

என்னைத் தேற்றத்தான் சொன்னான். அது எனக்குத் தெரியும். பிள்ளை பயந்துபோயிருந்தான். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் இறங்கிவிட்டது, இன்னும் மேலே வரவில்லை.

இப்போது மகன் ஜங்ஷன் பக்கத்துக் கடையில் இட்லி தின்றுகொள்கிறான். பேத்தி கேண்டீனில் எதையோ வாங்கித் தின்கிறாள், சாயங்காலம் வந்தால் பசியில்லை என்கிறாள். மருமகள் முன்பைவிட முன்னதாக எழுந்து, ஒரு குழம்பை வைத்துவிட்டுப் பாதி தலையை வாரியபடி ஓடுகிறாள். பாக்கெட் மசாலா. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் கையில் நேரம் இல்லை. நான் வெங்காயம் உரிக்கிறேன், புளி ஊறவைக்கிறேன், மல்லாட்டை உடைக்கிறேன். லைட்டர் மேல்தட்டில் இருக்கிறது, எனக்கு எட்டாத உயரம். அங்கே யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

இன்று காலையில் குழம்பு கொதிக்கும்போது அவள் கரண்டியைத் தன் கையில் தட்டி நக்கிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, என்னிடம் கொண்டு வந்தாள்.

"உப்புப் பாருங்க அத்தை."

கையை நீட்டினேன். உப்பு குறைவாகத்தான் இருந்தது. ஒரு பிடி, ஜாடியிலிருந்து என் கையால் ஒரே ஒரு பிடி போட்டால் சரியாகிவிடும். அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும்மா" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். குனிந்து சிலிண்டரையும் மூடினாள். மூடிவிட்டதா என்று இன்னொரு தரம் திருகிப் பார்த்துவிட்டு, போயிட்டு வரேன் அத்தை என்று ஓடினாள்.