பெட்டியை உடைத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நிலத்தை நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்தபோது அப்பா பெர்மனென்ட் வேலைதான் கேட்டார். நஷ்டஈடு கிடைத்தது. அதில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினார். வளையமாதேவிப் பக்கத்து ஆட்களை ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஏற்றிப் போய் மைன்ஸ் கேட்டில் இறக்கிவிடும் கான்ட்ராக்ட்டும் அமைந்தது. நிலம் போனாலும் இவர் ஓனர்தான் என்று அம்மா கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்களை இறக்கிவிட்டு வந்து அதே வேனில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார் என்பதால், ஒன்பது வயதில் நானும் கொஞ்சம் ஓனர்.

இரண்டாம் வருஷம் வேனுக்கு என்னவோ ஆனது. காலியாக ஓடும்போது சமாளிக்கும். எட்டுப் பேர் ஏறினால் முனகும். மைன்ஸ் மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிய இடத்தருகே ஓர் ஏற்றம் உண்டு. அங்கே ஆட்கள் இறங்கி முன்னால் நடப்பார்கள், வேன் அவர்களுக்குப் பின்னால் வரும். பெட்ரோலையோ தண்ணீர் மாதிரி குடித்தது. இரண்டு முறை ஷிஃப்டுக்கு லேட். மூன்றாவது முறை ஆனால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார், அம்மாவின் தம்பி. மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாக கன்வேயர் பெல்ட்டடியில் சிந்தும் மண்ணை அள்ளுகிறவர். அத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவே நின்றதால் எல்லா இயந்திரத்தைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மச்சான், சைலன்சருக்கு முன்னாடி ஒரு பெட்டி இருக்குது பாருங்க, கன்வெர்ட்டரு. அதான் மூச்ச அடச்சிகினு இருக்குது. புகைய சுத்தம் பண்றதுக்கு வச்சானாம். நெய்வேலில வந்து புகைய சுத்தம் பண்றான்!"

அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தம் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றிக் கடப்பாரையால் உள்ளே இடித்தார்கள். தேனடை போல் ஓட்டை ஓட்டையாக, கரி அப்பிய துண்டுகள் கொட்டின. வெறும் பெட்டியை மறுபடி பழைய இடத்தில் மாட்டினார் மாமா. அம்மா பாயசம் வைத்தாள்.

திங்கட்கிழமை வேன் பறந்தது. ஏற்றத்தில் யாரும் இறங்கவில்லை. பெட்ரோலும் மிச்சமானது. வீட்டில் மாமாவை இன்ஜினியர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் மறுப்புச் சொல்லவில்லை.

புகை மெல்ல மெல்லத்தான் வந்தது. நீலமாக, கண்ணைக் கரித்துக்கொண்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் "கொசு மருந்து வண்டி வருதுடோய்" என்று கத்தினார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒரு தெரு முன்பே இறங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்பா ஏன் என்று கேட்காமல் அங்கேயே நிறுத்தினார்.

கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கப் புகைச் சோதனைச் சீட்டு கேட்டார்கள். லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன். மூன்று தடவை சோதித்தும் வேன் ஃபெயில். சோதித்தவர் குனிந்து ஸ்பேனரால் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். காலி டப்பாவின் சத்தம் வந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. திருடி மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்து நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கிருந்து பண்ருட்டிக்குப் போனோம். பட்டறைக்கார பாய் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டார். "பெட்டி மேல தப்பில்லீங்க. நல்லா இருக்கற பெட்டி வண்டிய இழுத்துப் புடிக்காது. உங்க இன்ஜின் தேஞ்சு ஆயில் குடிக்குது. அந்தக் கரிதான் பெட்டிய அடச்சிருக்குது. நோவ வுட்டுட்டு பெட்டிய ஒடச்சிட்டீங்களே."

புதுப் பெட்டி போட்டாலும் இன்ஜினைச் சரிசெய்யாவிட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் செய்தால் வேனின் விலையைத் தாண்டிவிடும். அப்பா வண்டியைத் திருப்பினார். அடுத்த வாரம் கான்ட்ராக்ட் பக்கத்து ஊர்க்காரருக்குப் போனது. வேனைக் காயலான் கடைக்காரர் கயிறு கட்டி இழுத்துப் போனார். மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். முதல் நாள் காலையில் நானும் அம்மாவும் கூட்டு ரோடு வரை போனோம். அப்பா ஏற்றிப் போன அதே ஆட்கள் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புது வேன் வந்தது. "அண்ணே, கடைசி சீட்டுல எடம் இருக்குது, ஏறுங்க" என்றார் அதன் ஓனர். அப்பா எல்லாரையும் தாண்டிக் கடைசியில் போய் உட்கார்ந்தார். நான் கை காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் மறைந்த பிறகும் அம்மா நகரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏம்மா அழுவுற? அப்பாவுக்கு ஜன்னலோர சீட்டு கெடச்சிச்சே!"