அலாய் சக்கரமும் ஒரு சிட்டம் நூலும்

அந்த அலாய் சக்கரம் உலைமேல் இருந்தபோது பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்: என் அக்காவின் கணவரான பாவா, மாட்டு வண்டிகளுக்கு இரும்புப் பட்டை மாட்டும் ஆசாரி, துருத்தியை இழுத்துக்கொண்டிருந்த நான். அக்கா வரவில்லை. கூலிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலையை அவளால் பாதியில் விட முடியாது. நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பா வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாவா தன் இரண்டு தறிகளையும் விற்று அந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து நைனா அதன் நிழலில்கூட நின்றதில்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் பாவா. தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவருக்கு வண்டி ஓட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. யாருடைய லாரியிலோ ஏறி, துடைத்து, கழுவி, ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கிவிட்டார். திருத்தணிக்கு வருகிறவர்களை ரயிலடியிலிருந்து மலைக்கோயிலுக்கு ஏற்றிப் போவதுதான் அவர் போட்ட கணக்கு. சென்னையில் அவர் வாங்கிய காரை முன்பு வைத்திருந்தவர் சோக்குப் பேர்வழி. இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அலுமினியத்தில் வார்த்த அலாய் சக்கரங்களைப் போட்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சக்கரம் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. பாவாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. வண்டியில் சேறு இருந்தாலும் சக்கரம் மட்டும் பளபளக்க வேண்டும். அக்கா, "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்துக்கீறீங்களா?" என்று கேட்பாள். "நீ தினமும் துடைக்காமலே பளபளன்னு கீறே" என்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆடி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, கனகம்மாசத்திரத்தைத் தாண்டி வரும்போது மழைநீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. இடப்பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் விளிம்பில் நசுங்கிவிட்டன. உள்ளே இருந்த குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, வாங்கிய வாடகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாவா மழையிலேயே வண்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் அதை லாரியில் கட்டி இழுத்து வந்தோம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு கூட்டம் வரும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் பாவா தறிகளை விற்றிருந்தார். அந்த நாட்களில் வண்டி நின்றுவிட்டால், அதை எடைக்குப் போட்டுவிட்டு இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்கார வேண்டியதுதான். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா சொன்னாள்.

சென்னைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் விசாரித்தார். இதே மாதிரிச் சக்கரம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நம்மால் முடியாத விலை. இரும்புச் சக்கரத்துக்கே திரும்பலாமென்றால், முன்பு இருந்தவர் போல்ட்டுகளையும் மாற்றியிருந்தார். எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். திரும்பி வந்து, "அவுங்க கேக்கற காசுக்கு இன்னொரு ஓட்ட வண்டியே வாங்கிடலாம் மச்சான்" என்றார். ஸ்டெப்னியைச் சேர்த்து எங்களிடம் நல்ல சக்கரம் மூன்று இருந்தது. நசுங்கிய இரண்டில் ஒன்று தேறினால் போதும். அதனால்தான் ஆசாரியிடம் போனோம்.

ஆசாரி கெட்டிக்காரர், வாயும் அப்படியே. இரும்பு சிவந்து, அந்தச் சிவப்பு எப்போது மஞ்சளாகத் திரும்பும் என்று பார்த்து அடிப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. இதையும் அப்படியே தணல்மேல் வைத்தார். நான் துருத்தி இழுத்தேன். சக்கரம் வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா ஆசாரி, செவக்கவே காணோம்?" என்றார் பாவா.

"பெரிய எடத்துப் பொண்ணுப்பா, சீக்கிரம் வெக்கப்படாது. நீ இழு தம்பி" என்றார் ஆசாரி.

நான் இழுத்தேன். சிவக்கவே இல்லை. திடீரென்று விளிம்பில் ஒரு பக்கம் தளர்ந்து, வெல்லப்பாகு போலத் தணலுக்குள் இறங்கியது.

ஆசாரி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவா கத்துவார் என்று நினைத்தேன். அவர் பானையில் மொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, "சரி ஆசாரி. அதுக்கு செவக்கத் தெரியாது போலக்குது" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ பேரின் கோபத்தைப் பார்த்திருக்கிறேன். வராமல் போன அந்தக் கோபம்தான் என் நினைவில் அதிகம் தங்கியிருக்கிறது.

அப்போது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவன் நான் ஒருவன்தான். ஆசிரியரிடம் கேட்டேன். அலுமினியம் பகலில் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் உருகிவிடும். சூடில்லாமல் அடித்தால் விரிசல் விடும். நடுவில் ஒரு சூடு இருக்கிறது, அதில் அடித்தால் வளையும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தச் சூட்டை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. பாவாவிடம் வந்து சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அதைப் பாத்துப் பிரயோசனம் இல்ல. அதுமேல வேற எதையாச்சும் வெச்சி, அதைப் பாக்கணும்" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பாவா சட்டென்று கையை நிறுத்தினார். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவு நூல் காய்வதற்காக அடியில் தணல் வைப்பது நெசவாளர் வழக்கம். தணல் கொஞ்சம் கூடிவிட்டால் நூல் நிறம் மாறிப் பழுத்துப்போகும், இன்னும் கூடினால் கருகும். சின்ன வயதில் ஒரு பாவையே பழுக்கவைத்து அவர் அடி வாங்கியிருக்கிறார்.

"நூலு பழுக்கறதுக்கு ஒரு சூடு கீது, கருகறதுக்கு ஒரு சூடு கீது" என்றார். "இன்னா மே, ஊட்ல வெள்ள நூலு கீதா?"

"கீது. ஆனா அது முதலாளியோடது, எடை போட்டுக் குடுத்தது. ஒரு இழை தொடமாட்டேன்" என்றாள் அக்கா.

பிறகு அவளே எழுந்து நைனாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமல் நைனா கேட்டார்: "இன்னாத்துக்கு? காருக்குப் பொடவ நெய்யப் போறானா உன் புருசன்?"

"ஆங், ஜரிகை வெச்சி" என்றாள் அக்கா.

நைனா தறியில் குறுக்கே ஓடும் நாடாவை இரண்டு முறை ஓடவிட்டார். "மூலையில ஒரு சிட்டம் நூலு கீது. எடுத்துக்கினு போ."

மறுநாள் காலை பட்டறைக்கு அக்காவும் வந்தாள். பாழான சக்கரத்தை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்தார் பாவா. ஒவ்வொரு துண்டிலும் நூலைக் கட்டித் தணலில் காட்டி, நூலின் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு அடி அடித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஆசாரி மட்டும் கிட்டே வரவில்லை.

"நான் தொடமாட்டேம்பா. ஒண்ணு பாழாக்கினது போதும்."

"நீ அடிக்காம யாரு அடிப்பா? என் கையி நாடா தள்ளின கையி" என்றார் பாவா. மரச் சுத்தியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தணல்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆசாரி எழுந்து வந்தார்.

நூல் இளமஞ்சளாக இருந்தபோது அடித்த துண்டு விரிசல் விட்டது. கறுத்த பிறகு அடித்தது அமுங்கிக் குழிந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கே என்பதில்தான் குழப்பம். பழுப்பில் எத்தனை பழுப்பு! எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. அக்கா கல்யாணத்துக்கு முன்பு நைனாவோடு நூலுக்குச் சாயம் தோய்த்தவள். ஒரு துண்டு விரிசலும் விடாமல் குழியவும் செய்யாமல் பதமாக வளைந்தபோது, அதன்மேல் இருந்த நூலைக் குனிந்து பார்த்தாள்.

"வறுத்த தனியா நெறம். இதான். நான் சொல்றேன், நீங்க அடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மிஞ்சிய சக்கரம் தணலுக்குப் போனது. இதுவும் போனால் வேறு கிடையாது. பாவா நசுங்கிய இடத்தைச் சுற்றி நூலைக் கட்டிவிட்டு விலகி நின்றார். தன் பிழைப்பு தணலில் இருக்கும்போது ஒதுங்கி நின்று மற்ற இருவரை வேலை செய்ய விடுவது எத்தனை பேருக்கு முடியும் என்று இப்போது யோசிக்கிறேன். அவர் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. அக்காவின் குரல் மட்டும்: "இரு... இருங்கண்ணா... இன்னும் வரல... ம், இப்போ." ஆசாரி அடித்தார். ஆறவிட்டு, நூல் மாற்றி, மறுபடியும் சூடேற்றி, மறுபடியும் அடித்தார். மதியத்துக்குள் விளிம்பு வட்டத்துக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிப் பார்த்தார் ஆசாரி. விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். கோடு எதுவும் இல்லை.

சக்கரத்தை மாட்டியதும் நான் கதவைத் திறக்கப் போனேன். பாவா தடுத்துவிட்டார். "சும்மா இரு மச்சான். மொதல்ல நான் மட்டும்." மலைப்பாதையில் தனியாக ஏறி இறங்கினார். அடிவாரத்தில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே வந்ததும் மறுபடி கழற்றி, மறுபடி சுண்ணாம்பு பூசிப் பார்த்தார். அப்போதும் கோடு இல்லை. அதன் பிறகும் மலை ஏற்றத்துக்கு அதை முன்பக்கம் நம்பாமல் பின்பக்கம்தான் போட்டார். அந்த ஆடிக் கிருத்திகைக்கு வண்டி ஓய்வில்லாமல் ஓடியது.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அலாய் சக்கரங்களை அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கும் கடைகளைத் தினமும் கடந்து போகிறேன். நசுங்கினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கடையில் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் சார் என்றார்கள். திருத்தணியில் பாவாவின் கார் இன்னும் ஓடுகிறது.

செலவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறவர்கள் நான் சொல்வதை நம்புவதில்லை. கிருத்திகை முடிந்த மறுநாள் பட்டறைக்குப் போய் ஆசாரி கையில் பாவா நாற்பது ரூபாய் கொடுத்தார். ஒரு சக்கரத்துக்கு இருபது ரூபாய் பேச்சு. ஆசாரி எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியை நீட்டினார்.

"உருக்கினதுக்குமா கூலி? யாராவது கேட்டா சிரிப்பாங்க டிரைவரே."

"அதுல அடிச்சிப் பாக்காம இத எப்படி அடிச்சிருப்போம்? ரெண்டும் ஒரே வேலைதான். வெச்சிக்கோ" என்றார் பாவா.

கரிக்கும் ரம்பத் தகட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் ஆகியிருந்தது. ஆக மொத்தம் ஐம்பத்தெட்டு ரூபாய்.