அடி வாங்கிய நெற்றி

ராயபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா கனத்த உடம்புக்காரர். சமைக்காத நேரத்திலும் இரும்புக் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார். ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார். சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்த அவருடைய தம்பியும் வந்திருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டைப் பார்த்துத் தம்பி கெஞ்சியதால், பாகு பூசிய கல்கல் நாலை மறைவாக அவர் கையில் வைத்தேன்.

கரண்டி என் நெற்றியைப் பிளந்தது. தட்டு தெருவில் போய் விழுந்தது.

"துன்னப் போனது அவரு. என்னை ஏன்க்கா அடிக்கிறே?" என்றேன், ரத்தத்தைத் துடைத்தபடி.

"அவனை அடிச்சா புண்ணு ஆறாதுடா, பேமானி. உனுக்கு ஆறும்."

பிறகு அதே கரண்டியால் எனக்குத்தான் முதலில் கறிக்குழம்பு ஊற்றினார்.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. எத்தனையோ ஊரில் அடி வாங்கியிருக்கிறேன். இந்தத் தழும்பைப் பற்றி மட்டும் எனக்குக் கோபமாகப் பேச வருவதில்லை.