பாலின் மேல் போட்ட பழி

இளம் கண் டாக்டர்களுக்காக ஒரு கையேடு போடுகிறார்களாம். கருவிழிப் புண் பற்றிய பாடத்தை நான் எழுதித் தர வேண்டும் என்று போன மாதம் போன் வந்தது. ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருப்பான் என்ற நினைப்பு. எழுதிக் கொடுத்தேன். இதே பாடத்தை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. “உதாரணத்துக்கு ஒரு நோயாளியோட வரலாறும் சேத்துக் குடுங்க சார், படிக்கிறவங்க மனசுல நிக்கும்” என்றார் தொகுப்பவர். ஏதோ ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். கொடுத்திருக்க வேண்டியது வேறு. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காவிரிப் பாசனத்தில் ஓர் ஊர். கண் பிரிவு என்பது நீளமான ஓட்டுக் கட்டடம். அங்கே படிப்பதற்கு இருந்தவை மூன்று: ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம், அதைப் பூட்டி வைத்த கண்ணாடி பீரோ, பீரோ சாவியை யாரிடமும் தராத எங்கள் பெரிய டாக்டர். சனிக்கிழமை மட்டும் பீரோ திறக்கும். தையல் போட்டுப் பழகுவதற்குக் கறிக்கடையிலிருந்து ஆட்டுக் கண்களை டிபன் டப்பாவில் வாங்கி வருவேன். அறை நண்பன் ஒருநாள் பசியோடு அந்த டப்பாவைத் திறந்துவிட்டான். அதற்குப் பிறகு என் டப்பா எதையும் அவன் தொட்டதில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் பனி பெய்கிற ஊர்க்காரர். அவர் ஊரில் நெல் கிடையாது. கருவிழியில் காளான், அதாவது பூஞ்சணம், பற்றிப் புண்ணாவது மிக அபூர்வம் என்று ஒரே பத்தியில் முடித்துவிட்டார். தை மாசியில், கதிர் அறுத்துக் களத்தில் அடிக்கும் நாட்களில், கண்ணைப் பொத்திக்கொண்டு எங்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை அவர் பார்த்தவரில்லை. நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதைச் செய்தோம்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் அப்பா பண்ணை ஆள். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். டாக்டர் ஆன முதல் ஆளும் நான். ஆட்சி மாறி எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லூரிக் கதவு சற்று அகலமாகத் திறந்திருந்த காலம். ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மற்றவன் தப்புச் செய்தால் அது அவன் செய்த தப்பு, நான் செய்தால் என் தெருவே செய்த தப்பு என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் நான் தப்பே செய்யாதவனாக இருக்க வேண்டியிருந்தது. அது மனிதனால் ஆகிற காரியமா?

அந்த வருஷம் டெல்டாவில் கூலித் தகராறு முற்றியிருந்தது. முற்றிய கதிர் வயலிலேயே நின்றது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டு மறித்தார்கள். நடுவில் போலீஸ் வேன். ஒருவழியாகக் கூலியை உயர்த்தித் தர ஒப்புக்கொண்டு பேச்சுவார்த்தை முடிந்தபோது நெல் உதிர ஆரம்பித்திருந்தது. பிறகு என்ன, எல்லா வயலையும் ஒரே வாரத்தில் அறுத்து அடித்தார்கள். அடுத்த வாரமே எங்கள் வராந்தா நிரம்பியது.

அவர்களில் ஓர் அம்மா குடவாசல் பக்கத்திலிருந்து வந்தார்; வரப்பில் கொடி பிடித்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கதிரடிக்கும்போது வலது கண்ணில் நெல் தெறித்து மூன்று நாள் ஆகியிருந்தது. கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

“என்ன போட்ட கண்ணுல?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் போடலைங்க. தூசி எடுக்குற ஆயா நாக்கால தொழாவி உமிய எடுத்தாங்க. அப்பறம் பக்கத்து வூட்டுல புள்ள பெத்தவகிட்ட ரெண்டு நாளு தாய்ப்பால் வாங்கி விட்டேங்க. குளுமையா இருந்துச்சு.”

எனக்கு வந்ததே கோபம். வராந்தா முழுவதும் கேட்கும்படி கத்தினேன். நாக்கில் எத்தனை கிருமி, பாலில் எத்தனை கிருமி, கண் என்ன பால்சொம்பா என்றெல்லாம். என்னைவிட மூத்தவர், நான் அவரை நீ, வா, போ என்று பேசினேன். எங்கள் தெருவில் அப்படிப் பேசியிருந்தால் என் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள். அந்தக் கோபம் பாலின் மேல் வந்ததல்ல என்று இப்போது புரிகிறது. என் அம்மாவும் எனக்குச் சின்ன வயதில் கண்ணில் பால் விட்டவள்தான். அதை அந்த வராந்தாவில் யாரும் தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்கிற கோபம்.

கத்தி முடித்துவிட்டு சீட்டில் மருந்து எழுதினேன். கிருமியைக் கொல்லும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து. அந்த நாளில் சிவந்த கண் எதுவாக இருந்தாலும் பாதிப்பேர் அதைத்தான் எழுதினோம்.

மூன்றாம் நாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். சிவப்பு குறைந்திருந்தது, வலியும் குறைந்திருந்தது. என் ஊரையும் தெருவையும் விசாரித்தார். சொன்னேன். “அட, நம்ம புள்ளையா!” என்று அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி. “நல்லா இருங்க தம்பி. நீங்க குடுத்த மருந்து சாமி மாதிரி கேக்குது” என்றார். தொடர்ந்து போடச் சொல்லி அனுப்பினேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் அவரைக் கணவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கருவிழி முழுக்க வெளுத்து, உள்ளே சீழ் கட்டியிருந்தது. அந்தக் கண் போய்விட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஏன் போனது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “அன்னிக்கே பாலு உள்ள எறங்கிடுச்சு. நான் என்ன செய்ய முடியும்?” என்றேன். பெரிய டாக்டர் கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டில் எழுதினார்: நாட்டு வைத்தியத்தால் கெட்ட கண். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, “என் புத்திய செருப்பால அடிக்கணும் தம்பி” என்று அழுதார்.

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. கண் மருத்துவப் பட்டயப் பரீட்சை எழுதும் டாக்டர்களுக்கு நிஜ நோயாளிகளைத்தான் உட்காரவைப்போம். நாள்பட்ட நோயாளிகளுக்குக் கார்டு போட்டு வரவழைத்து, சாப்பாட்டுப் பொட்டலமும் பஸ் காசும் கொடுப்போம். அவர்களை ‘கேஸ்’ என்போம். பல வருஷம் வந்து பழகிய கேஸ்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். திணறுகிற மாணவனிடம் நோயின் பெயரை இங்கிலீஷிலேயே கிசுகிசுப்பார்கள். பூ விழுந்து வெளுத்த அந்த அம்மாவின் வலது கண் அருமையான கேஸ். வருஷா வருஷம் வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். “பால் விட்டத மொதல்ல சொல்லிடு. அதுக்குத்தான் மார்க்கு.” அவரும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். பாஸான டாக்டர்கள் அதை எழுதிக்கொண்டு திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் போய் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டு பரீட்சை முடிந்த பிறகு, வேறு ஊரில் ஒரு வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். சோறு நன்றாக இருந்தது என்பதைத் தவிர முதல் மூன்று நாள் ஒன்றும் நினைவில்லை. நான்காம் நாள் பயிற்றுநர் ஒரு விவசாயியின் கருவிழிப் புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு ரசாயனம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மழைக்காலத்து ஊறுகாய் ஜாடியில் பூத்திருக்குமே, அந்த மாதிரி நூல் நூலாக ஓடியது.

“நெல்லோட வந்த காளான் இது,” என்றார் அவர். “இதுக்கு ஸ்டீராய்டு கலந்த மருந்து போட்டுப் பாருங்க. ரெண்டு நாள் செவப்பு கொறையும். நோயாளி உங்களக் கும்பிடுவாரு. உள்ள காளானுக்கு நீங்க ஒரம் போட்டுருப்பீங்க.”

“தாய்ப்பால் விட்டா வருமா சார்?” என்று கேட்டேன்.

“அதுவும் விடக் கூடாதுதான். ஆனா நெல்லுல இருக்குற காளானுக்கு பாலு என்னங்க பண்ணும்?”

திரும்பி வருகிற ரயிலில் அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டுதான் கண்முன் நின்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வந்ததும் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கி, புண்ணைச் சுரண்டிப் பார்க்கும் வழக்கத்தை ஆரம்பித்தேன். ஸ்டீராய்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்று சனிக்கிழமை வகுப்பில் தொண்டை வற்றக் கத்தினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த பரீட்சைக்கு அந்த அம்மா வந்தார். பால் விட்டேன் என்றார். பக்கத்தில் நின்றிருந்தேன். அதற்கடுத்த பரீட்சைக்கும் வந்தார். அப்போதும் நின்றிருந்தேன்.

பிறகு ஒரு மாசியில் அவருடைய மகள் அவரை நடத்திக் கூட்டி வந்தாள். இந்தமுறை இடது கண். களத்தில் நெல் தெறித்து எட்டு நாள். நான் டார்ச்சை எடுப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். குரலில் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் பெருமை.

“பாலு விடலை தம்பி. ஆயாகிட்டயும் போவலை. பக்கத்து வூட்டுக்காரி சொம்பத் தூக்கிட்டு வந்தா, வெரட்டி உட்டுட்டேன். நீங்க அப்ப எழுதிக் குடுத்த சீட்டு ரேசன் கார்டோட வச்சிருந்தேன். அதக் காமிச்சு அந்த மருந்தேதான் வாங்கிப் போட்டேன். ரெண்டு நாளு நல்லா கேட்டுச்சு.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனோ நின்றிருந்தேனோ, நினைவில்லை. புண்ணைச் சுரண்டும் வேலையை வேறொரு டாக்டரிடம் கொடுத்தேன். தகட்டில் அதே நூல்கள். இந்தக் காளானுக்கென்று கண் மருந்து எங்கள் பக்கத்துக் கடைகளில் அப்போது இல்லை. வேறு நோய்க்கு விற்ற மாத்திரையைப் பொடித்து, கரைத்து, மணிக்கொரு தரம் விட்டோம். ஆறு வாரம் வார்டில் இருந்தார். கண் குழிந்து போகாமல் காப்பாற்றினோம். பார்வையை முடியவில்லை. வெளிச்சம் தெரியும்; எதிரே ஆள் நடமாடினால் நிழலாகத் தெரியும். களத்துக்கும் நடவுக்கும் இனிமேல் போக முடியாது. கூலி உயர்வுக்காகக் கொடி பிடித்து ஜெயித்த கை அது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மகள் பையை எடுக்கப் போயிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்:

“நான் எங்க தம்பி தப்பு பண்ணேன்? நீங்க சொன்னபடிதான செஞ்சேன்?”

சொல்லிவிட்டேன். முதல் கண்ணைக் கெடுத்தது பால் இல்லை, நான் எழுதிய மருந்து. இதைக் கெடுத்ததும் அதே மருந்து.

அவர் முகம் என் பக்கம் திரும்பியது, ஆனால் சரியாக என்மேல் இல்லை, சற்றுத் தள்ளி. “ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு.”

“அதுக்கப்பறம் ரெண்டு தடவ வந்தேனே நான். பொட்டலம் வாங்கித் தின்னுட்டுப் போனேனே. அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தக் கண்ணு இருந்திருக்குமா?”

“பெரும்பாலும் இருந்திருக்கும்” என்றேன். டாக்டர்கள் பேசுகிற பேச்சு அது. இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மகள் வந்ததும் அவர் கட்டிலைத் தடவி எழுந்தார். “அடுத்த பரீச்சைக்குக் கார்டு போடுங்க. வர்றேன்” என்றார்.

போடாமல் இருந்துவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். கார்டைப் போட்டேன்.

வந்தார். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பெரிய டாக்டர் பக்கத்தில். நான் ஜன்னலோரமாக நின்றேன். அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்த மாணவிக்கு வேர்த்துக் கொட்டியது. வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு, “நாட்டு மருந்து, தாய்ப்பால் ஏதாவது விட்டீங்களாம்மா?” என்றாள். அந்தக் கேள்வியை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

“மொதக் கண்ணுக்கு விட்டேம்மா. அதால கெடல. ரெண்டு கண்ணும் டாக்டர் எழுதிக் குடுத்த சொட்டு மருந்தால கெட்டுது. எழுதிக்க.”

மாணவி எழுதுவதா வேண்டாமா என்று மேஜைப் பக்கம் பார்த்தாள். கேள்வியை விடாமல் கேட்டால்தான் மார்க் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “என்ன மருந்தும்மா அது? பேரு தெரியுமா?” என்றாள்.

“எனக்கு வாயில நொழையாதும்மா. அவரு இங்கதான் நிக்கிறாராம். அவரையே கேளு.”

நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்; அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். மருந்தின் பெயரைச் சொன்னேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அறை முழுவதும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.