ஒரு கூரையில் இரண்டு பேர்

பிள்ளையில்லை என்று கருத்தக்கண்ணன் கடமலைக்குண்டிலிருந்து மொக்கம்மாளை இரண்டாம் தாரமாகக் கட்டிவந்தபோது, மூத்தவள் ராமுத்தாய் அழவில்லை. வீட்டுக்குள்ளேயே தனக்கென்று தனி அடுப்பைப் போட்டுக்கொண்டாள். அதன்பின் இரண்டு பெண்களும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. இளையவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை.

யுத்தகாலத்தில் வந்த காலராவில் கருத்தக்கண்ணன் செத்துப்போனான். கருமாதி முடிந்ததும் ராமுத்தாயின் அண்ணன் அம்மாவாசி சுருளிப்பட்டியிலிருந்து வந்தான்.

"இனி அவ இங்கன எதுக்கு? வெளிய போகச் சொல்லு ஆத்தா. ஒனக்கு வாய் வரலேன்னா நான் சொல்றேன்."

மொக்கம்மாள் துணிமூட்டையோடு மாட்டுக்கொட்டத்தருகே நின்றாள். போவதற்கு அவளுக்குப் பிறந்த ஊரில் யாருமில்லை. ராமுத்தாய் தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. இரக்கமும் இல்லை. புருஷன் செத்த அன்றைக்குக்கூட உள்ளே எதுவும் அசையவில்லை.

"அவ அவபாட்டுக்கு இருக்கட்டும்ண்ணே. நான் எம்பாட்டுக்கு இருக்கேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சாக்கும்?"

"ஒத்தெல்லாம் போகல."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மொக்கம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். மறுநாள் இருவரும் சோளக்காட்டில் ஆளுக்கொரு பக்கமாகக் களை வெட்டினார்கள். வெயில் ஏறியதும் ஒரே புளியமரத்தடியில் முகம் பார்க்காமல் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்த பக்கத்து வீட்டு இருளம்மாள் நின்று பார்த்தாள். "என்னக்கா, ரெண்டு பேரும் ராசியாயிட்டீகளா?"

ராமுத்தாய் யோசித்தாள். ராசி என்று சொல்ல முடியாது. பகை என்று சொல்லவும் எதுவும் மிச்சமில்லை.

"இருக்கோம்" என்றாள்.

மொக்கம்மாள் அதற்குள் எழுந்து களை வெட்டப் போயிருந்தாள்.