என் தலைக்குள் எடுத்த நரம்புப் படம்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்த்தேன். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அதுவே அதிகம். நாற்பத்தொரு வயதில் எனக்கு ஒரு பெண் அமைந்துவரும் போலிருந்தது. நாங்குநேரிக்காரி, பீடி சுற்றுகிறவள். இதுவும் தவறினால் இனிமேல் தேட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர், "அண்ணாச்சி, உங்க தலை ஒரு நாளைக்கு வேணும்" என்றார். மூளையில் எந்த நரம்பு இழை எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தலையைத் திறக்காமலே வரைகிறார்களாம். இழை போகும் பக்கமே மூளையின் ஈரமும் நகருமாம். தண்ணீர் போகும் திசையை வைத்தே வாய்க்காலை வரைவது போல என்றார். பழகிப் பார்க்க நோயில்லாத தலை வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். மதுரைக்குப் போய் எந்திரத்துக்குள் படுத்துவிட்டு, எடுத்த படத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"தம்பிக்கு நரம்பு டெஸ்ட்டு எடுத்திருக்கு" என்று அக்கா பெண் வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்தாள். நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜில் வைத்தியம் என்ற விளம்பரம் இல்லாத சுவரே அப்போது கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆண் நரம்பைச் சோதித்தால் நாங்குநேரி என்ன நினைக்கும்?

பெண்ணின் தாய்மாமன் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவும் அத்தானும் கூட வந்தார்கள்.

"மாப்ள, நரம்பு டெஸ்ட்டு எடுத்தீயளாமே?"

படத்தை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தலைல்லா?" முகம் தெளிந்தது. உடனே இருண்டது. "அப்போ கோளாறு தலையிலயா?"

"கோளாறு இல்ல மாமா. டாக்டரே கீழ எழுதியிருக்காவ, நார்மல்னு" என்றேன்.

அவர் அத்தான் பக்கம் திரும்பினார். "நார்மல்னு எழுதி வாங்கி வச்சிருக்கவன் நார்மலா இருப்பானா வே?"

அத்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

கதவுக்குப் பின்னால் நின்றவள் வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இதுக்கு முந்தி வந்தவுக எல்லாம் என் தலைமுடி நரைச்சிருக்கான்னுதான் பாத்தாவ. தன் தலைக்குள்ள இருக்கதக் காட்டிப் பொண்ணு கேட்டு வந்தது இவுக மட்டுந்தான். சரின்னு சொல்லுங்க மாமா."

அந்தப் படம் இப்போதும் எங்கள் பீரோவில் இருக்கிறது. நான் வாய் திறக்காமல் இருக்கும் நாட்களில் அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "நார்மல்னுதான் போட்டிருக்கு" என்பாள், நம்பாமல்.